இளைஞர் கல்வியில் சங்கத்தின் பங்கு
(கல்வி வட்டப் பாடம்)



பாவு தீர்ந்ததும் நெசவாளர் தறியை வெறுமனே விட்டுவிடுவதில்லை. பழைய பாவின் கடைசி இழைகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்த பிறகே அடுத்த சேலையைத் தொடங்குகிறார். ஓர் இழை பிணைபடாமல் நின்றாலும் அக்குறை துணியில் தெரிந்துவிடும். பள்ளிப் படிப்பு முடிகிற இடத்துக்கும், மேற்படிப்போ தொழிலோ தொடங்குகிற இடத்துக்கும் நடுவே இத்தகைய பிணைப்பு ஒன்று வேண்டியிருக்கிறது. அந்த வேலையில் கூட்டுறவுச் சங்கத்துக்கு உரிய பங்கு யாது என்பதே இம்மாதப் பாடம்.

1. பலகையில் இருந்த தாள்

சில ஆண்டுகளுக்கு முன் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் ஒரு நெசவாளர் சங்கத்தின் கணக்கைப் பார்வையிடச் சென்றிருந்தோம். நூல் இருப்பு, துணி இருப்பு, கூலிப் பட்டுவாடா யாவும் ஒழுங்காகவே இருந்தன. புறப்படும் வேளையில் அறிவிப்புப் பலகையை நோக்கினோம். நூல் விலைப் பட்டியலுக்கு அடியில் வேறொரு தாளின் ஓரம் தெரிந்தது. பட்டியலைத் தூக்கிப் பார்த்தோம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தும் மேற்படிப்பில் சேராதிருக்கும் பிள்ளைகளுக்கான வழிகாட்டு முகாம் பற்றிய அறிவிப்பு அது. முகாம் நடந்து ஒன்பது நாட்கள் கழிந்திருந்தன.

“இதனை அங்கத்தினர்களிடம் சொன்னீர்களா?” என்று காரியதரிசியைக் கேட்டோம்.

“வந்த அன்றைக்கே பலகையில் ஒட்டிவிட்டோம், ஐயா” என்றார் அவர்.

கூலி வாங்க வந்து திண்ணையில் அமர்ந்திருந்த ஓர் அம்மையார் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். “எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, ஐயா. என் மகன் பன்னிரண்டு முடிச்சிட்டு வீட்டிலேதான் இருந்தான். போன வாரந்தான் விசைத்தறிக்குக் கூலிக்குப் போனான். வாயால ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அனுப்பியிருப்பேனே” என்றார்.

காரியதரிசி தலைகுனிந்தார். ஆனால் குற்றம் அவருடையது மட்டுமன்று. அவ்வாண்டில் அதே சங்கத்துக்கு நாம் அதற்கு முன்பே இருமுறை சென்றிருந்தோம். எத்தனை தறிகள் ஓடுகின்றன என்று கேட்டோம். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று ஒருமுறையேனும் கேட்டோமில்லை. பார்வைக் குறிப்பில் அதற்கென ஓர் இடம் இல்லை என்பது உண்மை. எனினும் அது தக்க சமாதானம் ஆகாது.

2. கல்வி கூட்டுறவுக்குப் புதிதன்று

1844 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் 28 பேர் கூடிக் கூட்டுறவுப் பண்டகசாலை ஒன்றைத் தொடங்கிய வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். அவர்களுள் பலர் நெசவாளர்கள் என்பதை நம் அங்கத்தினர்கள் சிறப்பாக நினைவில் கொள்ள வேண்டும். மாவும் வெண்ணெயும் விற்ற அந்தப் பண்டகசாலையோடு அவர்கள் ஒரு படிப்பகத்தையும் வைத்தார்கள். பின்னர் உபரியில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்கினார்கள். கல்வி, பயிற்சி, தகவல் என்பது இன்றளவும் உலகக் கூட்டுறவுக் கோட்பாடுகள் ஏழனுள் ஐந்தாவதாக நிற்கிறது. 1983 ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டமும் நிகர லாபத்திலிருந்து கூட்டுறவுக் கல்வி நிதிக்கு ஒரு பங்கு செலுத்த வேண்டும் என்று விதித்திருக்கிறது. அந்த நிதியைச் செலுத்திய ரசீதைக் கோப்பில் வைத்ததோடு கல்விக் கடமை முடிந்துவிட்டது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பிழை அங்கேதான் தொடங்குகிறது.

3. செய்து கற்றல்

இளைஞர் பயிற்சி குறித்து அமெரிக்க நாட்டின் அனுபவம் ஒன்று நமக்குப் பயன்படும். 1902 ஆம் ஆண்டில் ஒஹையோ மாநிலத்தில் ஏ. பி. கிரகாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் கிராமத்துச் சிறுவர் சிறுமியரைச் சேர்த்து ஒரு சங்கம் அமைத்தார். பாடப் புத்தகத்தை மட்டும் அவர் நம்பவில்லை. மண்ணைச் சோதித்தல், நல்ல விதையைத் தேர்ந்து மக்காச்சோளம் பயிரிடுதல், செய்ததைக் கணக்கெழுதுதல் ஆகியவற்றைப் பிள்ளைகள் தம் கையாலேயே செய்தார்கள். இத்தகைய சங்கங்கள் பல மாநிலங்களிலும் பரவின. தலை, இதயம், கை, உடல்நலம் ஆகிய நான்கையும் வளர்ப்பது என்னும் பொருளில் ‘நான்கு எச்’ இயக்கம் என்று அது பெயர் பெற்றது. 1910 ஆம் ஆண்டில் தென் கரோலினாவில் ஜெர்ரி மூர் என்ற சிறுவன் ஓர் ஏக்கரில் 228 புஷலுக்கு மேல் மக்காச்சோளம் எடுத்தான். நம் கணக்கில் அது ஏறத்தாழ 5,800 கிலோ. புதிய முறையைச் சொன்னால் கேட்க மறுத்த பெரியவர்கள், பிள்ளைகளின் வயலில் விளைந்ததைக் கண்ட பின் கேட்டார்கள்.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடங்கள் இரண்டு. முதலாவது, கையால் செய்து கற்றதே நிலைக்கும். இரண்டாவது, அந்தப் பிள்ளைகளுக்கு ஏர், நிலம், விதை, மேற்பார்வை ஆகியவற்றைத் தந்தவர்கள் அவ்வூர்ப் பெரியவர்களே. திட்டம் வெளியிலிருந்து வரலாம். ஆனால் அது வேர்விடுவதற்கான மண்ணை ஊர்தான் தர வேண்டும்.

4. நம் மாநிலத்தில் திறந்துள்ள வழிகள்

நம் மாநிலத்தில் ‘நான் முதல்வன்’ திட்டம் 2022 மார்ச் 1 அன்று முதலமைச்சர் திரு. மு. க. ஸ்டாலின் அவர்களால் தொடங்கி வைக்கப்பெற்றது. ஆண்டுதோறும் 10 லட்சம் இளைஞருக்குத் திறன் பயிற்சி அளிப்பது அதன் குறிக்கோளாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் அதனை நடத்தும் பொறுப்பை ஏற்றது. பள்ளியில் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கு, என்ன படிக்கலாம், எங்கே படிக்கலாம் என்ற வழிகாட்டுதல். கல்லூரி, பாலிடெக்னிக், தொழிற்பயிற்சி நிலைய மாணவர்களுக்கு, பாடத்தோடு சேர்ந்த தொழில் திறன் வகுப்புகள். போட்டித் தேர்வுகளுக்குத் தனிப் பயிற்சி என அது பல கிளைகளாக விரிந்தது. பள்ளியை முடித்தும் மேற்படிப்பில் சேராதவர்களைத் தேடிச் சேர்ப்பதற்காக ‘உயர்வுக்குப் படி’ என்ற பெயரில் முகாம்கள் நடத்தப்பட்டன. நாம் பலகையில் கண்ட தாள் அத்தகைய ஒரு முகாமினுடையதே.

பணத் தடையை நீக்குவதற்கும் வழி செய்யப்பட்டது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்து மேற்படிப்பில் சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் ‘புதுமைப் பெண்’ திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. ஆண் பிள்ளைகளுக்கான ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டம் 2024 ஆகஸ்டு 9 அன்று தொடங்கியது. இத்தொகை மாணவரின் வங்கிக் கணக்கிலேயே சேரும். ஆதலால் கணக்கு மாணவர் பெயரில் இருத்தல், அக்கணக்கோடு ஆதார் எண் இணைந்திருத்தல், சான்றிதழில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒத்திருத்தல் ஆகிய சிறு காரியங்களில் கவனம் வேண்டும். இச்சிறு காரியங்களிலேதான் எழுத்தறியாத பெற்றோர் தடுமாறுகிறார்கள். திட்டங்களின் பெயரும் விதியும் காலந்தோறும் மாறக்கூடும். ஆகவே அவ்வப்போது நடப்பில் உள்ள விதியைப் பள்ளியிலோ கல்லூரியிலோ கேட்டறிவது அவசியம்.

5. நம் தொழிலை ஒட்டிய படிப்புகள்

பொறியியலும் மருத்துவமும் மட்டுமே படிப்பு என்று எண்ண வேண்டா. சேலத்தில் 1960 ஆம் ஆண்டில் தொடங்கிய இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகத்தில் கைத்தறி மற்றும் ஜவுளித் தொழில்நுட்பத்துக்கான மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு உண்டு. தந்தையிடம் தறியைக் கற்ற பிள்ளை அங்கே சாயத்தின் வேதியியலையும், துணி வடிவமைப்பையும் கற்கலாம். கூட்டுறவு மேலாண்மைப் பட்டயப் பயிற்சி மதுரையிலும் கிடைக்கிறது. கூட்டுறவுச் சங்கப் பணிகளுக்கு அப்பயிற்சி தகுதியாகக் கேட்கப்படுகிறது.

வேளாண் குடும்பங்களுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. எஸ்.வி.பி.ஆர். என்ற எழுத்துகளோடு வரும் பருத்தி இரகங்கள் இந்நிலையத்தில் உருவானவை. அவ்வெழுத்துகள் நம் ஊரின் பெயரையே குறிக்கின்றன. பருத்தி பயிரிடுவோரின் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த நிலையத்தின் வயலைப் பார்த்திருக்கிறார்கள்? அருப்புக்கோட்டையில் உள்ள வேளாண் அறிவியல் நிலையமும் உழவர்களுக்கும் கிராமப்புற இளைஞர்களுக்கும் பயிற்சி அளிக்கிறது.

இராஜபாளையத்தின் வரலாறும் நமக்கு ஒரு பாடமே. 1936 ஆம் ஆண்டில் பி. ஏ. சி. ராமசாமி ராஜா அவர்கள் தொடங்கிய பஞ்சாலை இந்த வட்டாரத்தையே தொழில் நகரமாக்கியது. சென்னை மாகாணத்தின் முதலமைச்சராயிருந்த பூ. ச. குமாரசாமி ராஜா அவர்கள் தம் இல்லத்தைக் காந்தி கலை மன்றத்துக்கு வழங்கினார்கள். முன்னவர் வேலைக்கு வழி செய்தார். பின்னவர் பொதுவில் கூடிக் கற்பதற்கு இடம் தந்தார். வேலையும் இடமும் சேர்ந்தே ஓர் ஊர் இளைஞரை உருவாக்குகின்றன. நம் சங்கங்கள் அளவில் சிறியவைதாம்; ஆயினும் வேலையும் இடமும் இரண்டுமே அவற்றினிடம் உண்டு.

6. சங்கம் செய்யத்தக்கவை

அ. இளைஞர் பதிவேடு ஒன்று வைக்க வேண்டும். அங்கத்தினர் வீட்டில் 14 முதல் 25 வயது வரை உள்ளோரின் பெயர், படிப்பு, இப்போது செய்யும் வேலை ஆகிய மூன்று பத்திகள் போதும். ஆண்டுக்கு ஒருமுறை, தேர்வு முடிவு வரும் மே மாதத்தில், அதனைத் திருத்த வேண்டும்.

ஆ. அறிவிப்பை ஒட்டினால் மட்டும் போதாது. கூலிப் பட்டுவாடா நாளில் உரக்க வாசிக்க வேண்டும். பதிவேட்டில் உள்ள குடும்பத்துக்கு ஆள் அனுப்பியோ தொலைபேசியிலோ தெரிவிக்க வேண்டும்.

இ. கல்லூரியில் படிக்கும் அங்கத்தினர் பிள்ளைகள் ஒருவர் இருவரைக் கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்க அலுவலகத்திலேயே விண்ணப்ப உதவி நடத்தலாம். வங்கிக் கணக்கு, ஆதார், சான்றிதழ் ஆகியவற்றை அவர்கள் சரிபார்த்துக் கொடுக்கலாம்.

ஈ. சங்கக் கணக்கு, இருப்பு எடுத்தல், துணித் தர ஆய்வு ஆகியவற்றை விடுமுறை நாட்களில் காரியதரிசியின் அருகிலிருந்து கற்க இளைஞரை அனுமதிக்கலாம். செய்து கற்றல் என்பது இதுவே. பணத்தையும் சாவியையும் அவர்களிடம் ஒப்படைத்தல் கூடாது.

உ. முகாமுக்குச் செல்லப் பஸ் கட்டணம் இல்லை என்று எந்தப் பிள்ளையும் நின்றுவிடலாகாது. துணைவிதி இடந்தரும் சங்கங்களில் பொது நல நிதியிலிருந்து நிர்வாகக் குழுவின் தீர்மானத்தோடு உதவலாம். இடமில்லையெனில் அங்கத்தினர் தாமே திரட்டலாம்.

7. ஓர் ஆட்சேபம்

“படிக்க வைத்தால் பிள்ளை தறியை விட்டுப் போய்விடுவான், சங்கமே தன் கையால் சங்கத்தை அழித்துக்கொள்வதா?” என்று ஒரு மூத்த நெசவாளர் எம்மைக் கேட்டார். இது எள்ளத்தக்க கேள்வியன்று. 2009-10 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியாவில் கைத்தறித் தொழிலாளர் 43 லட்சத்துக்கு மேல்; 2019-20 கணக்கெடுப்பில் 35 லட்சம் அளவே. அவருடைய அச்சத்துக்குக் காரணம் உண்டு.

ஆனால் இவ்வாறு குறைந்தது பிள்ளைகள் படித்ததனால்தானா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கூலி போதாமை, விசைத்தறியின் போட்டி, விற்பனை மந்தம் ஆகியவற்றால் படிக்காதவர்களும் தறியை விட்டுப் போயிருக்கிறார்கள். மேலே சொன்ன அம்மையாரின் மகனும் தறியை விட்டுத்தான் போனான். படிப்பையும் பெறாமல் போனான். படித்தவர்களில் பலர் திரும்ப மாட்டார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவர்கள் வேறிடத்தில் நன்றாக வாழ்ந்தால் அதுவும் அங்கத்தினர் குடும்பத்தின் நன்மையே. திரும்பும் சிலரோ புதிய சாயம், புதிய சந்தை, சரியான கணக்கு ஆகியவற்றோடு திரும்புவார்கள். அறியாமையைக் காட்டி ஒருவரைத் தறியில் நிறுத்துவது கூட்டுறவு ஆகாது.

8. பின்னர் நடந்தது

அந்தச் சங்கத்தின் நிர்வாகக் குழு அடுத்த கூட்டத்திலேயே பதிவேடு திறக்கத் தீர்மானித்தது. மறு ஆண்டு முகாமுக்கு முன் காரியதரிசி தாமே வீடு வீடாகச் சென்றார். மூன்று பேர் மேற்படிப்பில் சேர்ந்தார்கள். அம்மையாரின் மகன் அவர்களுள் ஒருவன் அல்லன்; வீட்டில் கடன் இருந்தது, அவன் கூலியை நம்பிக் குடும்பம் நடந்தது. ஒரு கோடைக்காலம் தவறியதை ஓராண்டு கழித்து எல்லோராலும் மீட்டுவிட முடிவதில்லை. அவனுடைய தங்கை அப்போது பத்தாம் வகுப்பில் இருந்தாள். அவள் பெயரைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் கண்டோம். தன் பெயருக்கு எதிரே அவளே கையெழுத்திட்டிருந்தாள்.

சங்கக் கூட்டத்தில் விவாதிக்கத்தக்க வினாக்கள்

1. நம் அங்கத்தினர் வீடுகளில் இவ்வாண்டு பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முடிப்பவர் எத்தனை பேர்? அவர்கள் பெயரை இக்கூட்டத்திலேயே சொல்ல முடியுமா?

2. சென்ற ஆண்டு சங்கத்துக்கு வந்த இளைஞர் நல அறிவிப்புகள் எவை? அவற்றால் பயன் பெற்றவர் யார்?

3. நம் சங்கத்தில் 30 வயதுக்குட்பட்ட அங்கத்தினர் எத்தனை பேர்? இருபது ஆண்டுகள் கழித்து இந்தச் சங்கத்தை நடத்தப்போகிறவர்கள் யார்?