ஃப்ரிட்ஜ் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது?

கரண்ட் பில் ஏறினால் முதல் பழி ஃப்ரிட்ஜின் மேல்தான் விழும். மெக்கானிக்கை அழைப்பதற்கும், புதிது வாங்கக் கிளம்புவதற்கும் முன்னால் ஒரு வாரம் அளந்து பாருங்கள்.

ஃப்ரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. செலவாகும் மின்சாரத்தைப் போல் எத்தனை மடங்கு வெப்பத்தை எடுக்கிறது என்பதே செயல்திறன் எண் (சி.ஓ.பி.). உறைபெட்டி -18 டிகிரி, சமையலறை 32 டிகிரி என்றால், இயற்பியல் விதிப்படி இந்த எண்ணின் உச்சவரம்பு 5.1. வீட்டு ஃப்ரிட்ஜ் அதற்கு வெகு கீழேயே நிற்கும். சமையலறை 42 டிகிரிக்குச் சூடானால் வரம்பே 4.25 ஆகிவிடும். கோடையில் யூனிட் கூடுவது பழுது அல்ல, பதற வேண்டாம்.

பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே செருகும் எனர்ஜி மீட்டர் கடைகளில் கிடைக்கிறது. அதில் தெரியும் வாட் எண்ணை 24 மணி நேரத்தால் பெருக்கிப் பயந்துவிடாதீர்கள். சாதாரணக் கம்ப்ரசர் விட்டு விட்டுத்தான் ஓடும். 120 வாட் இழுக்கும் கம்ப்ரசர் நாளில் பாதி நேரம் ஓடினால் 1.44 யூனிட்தான். ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகையில் பனியை உருக்கும் ஹீட்டரும் இடையிடையே வேலை செய்யும். அதனால்தான் ஒரு வாரக் கணக்கு வேண்டும். வாரத்துக்கு 8.4 யூனிட் என்றால் நாளுக்கு 1.2, ஆண்டுக்கு 438.

இதை ஸ்டார் லேபிளில் உள்ள ஆண்டு யூனிட்டுடன் ஒப்பிடுங்கள். லேபிள் எண் ஆய்வகத்தில் எடுத்தது. நாளெல்லாம் கதவைத் திறந்து மூடும் வீட்டில் கொஞ்சம் கூடத்தான் செய்யும். நட்சத்திரத்தை மட்டும் நம்ப வேண்டாம். கொள்ளளவைப் பொறுத்தே அது தரப்படுகிறது. பெரிய ஐந்து நட்சத்திர ஃப்ரிட்ஜ், சிறிய மூன்று நட்சத்திரத்தைவிட அதிகம் இழுக்கலாம். அளவுகோலும் அவ்வப்போது கடுமையாக்கப்படுவதால் லேபிளில் உள்ள ஆண்டையும் பாருங்கள்.

வித்தியாசம் மிக அதிகமா? கம்ப்ரசர் ஓய்வே எடுப்பதில்லையா? கதவு ரப்பரில் (கேஸ்கெட்) ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்தால் ரப்பர் தளர்ந்திருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்புறக் கம்பிச்சுருள் வெளியே தெரியும் மாடலானால் அதன் தூசியைத் துடையுங்கள். சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள். பிறகு மீண்டும் அளந்து பாருங்கள்.

இரவில் அணைத்து வைப்பது மிச்சமல்ல, உணவுதான் கெடும். உறைந்த பனியைக் கத்தியால் கொத்தினால் குழாய் ஓட்டையாகிவிடும். "கேஸ் தீர்ந்துபோச்சு" என்று யாராவது சொன்னால் யோசியுங்கள்: மூடிய குழாய்க்குள் சுற்றும் கேஸ் தானாகத் தீராது, கசிந்தால்தான் குறையும். கசிவை அடைக்காமல் கேஸ் ஏற்றச் சம்மதிக்காதீர்கள். கம்ப்ரசரில் 'ஆர்600ஏ' என்றிருந்தால் அது தீப்பற்றும் வாயு; அதில் பயிற்சி பெற்றவரையே அழையுங்கள்.