இடுப்பு என்பது எது?
(பிட்டம், பின்தொடை ஆகியவற்றின் உடற்கூறும் தமிழ்ச் சொற்களும்)

‘இடுப்பு வலிக்கிறது’ என்று மருத்துவரிடம் செல்பவரை அவர், ‘எங்கே, கையை வைத்துக் காட்டுங்கள்’ என்று கேட்பது வழக்கம். ஒருவர் முதுகின் அடியைத் தொடுவார். இன்னொருவர் பிட்டத்தின் பக்கவாட்டைத் தொடுவார். மற்றொருவர் தொடையிடுக்கைக் காட்டுவார். மூன்றும் நம் வழக்கில் இடுப்பே. ஆனால் உடற்கூற்றியலில் மூன்றும் வெவ்வேறு உறுப்புகளைச் சார்ந்தவை. மூவருக்கும் மருந்தும் வெவ்வேறு. ஆகவே இது சொல்லாராய்ச்சியோடு முடிந்துவிடும் செய்தியன்று.

முதலில் எலும்பைக் காண்போம். இடுப்பெலும்பு பிறக்கும்போது ஒரே எலும்பாக இருப்பதில்லை. இலியம், இஸ்கியம், பியூபிஸ் என்னும் மூன்று எலும்புகள் குருத்தெலும்பால் பிணைக்கப்பட்டுள்ளன. பதின்பருவத்தில்தான் அவை ஒன்றாகின்றன. மூன்றும் கூடுமிடத்தில் ஒரு கிண்ணக்குழி அமைந்துள்ளது. தொடையெலும்பின் உருண்டைத் தலை அதனுள் பொருந்துவதே இடுப்பு மூட்டு. இம்மூட்டு உடலின் ஆழத்தில், தொடையிடுக்குக்கு நேர் பின்னே உள்ளது. எனவே மூட்டு தேய்ந்தவருக்கு வலி பெரும்பாலும் தொடையிடுக்கில் தோன்றும். சில வேளைகளில் முழங்காலில் மட்டுமே தோன்றும். இரு மூட்டுகளுக்கும் பொதுவான நரம்புக் கிளைகள் இருப்பதே காரணம். ‘முழங்கால் வலி’ என்று நொண்டும் சிறுவனுக்கு முழங்காலில் குறையேதும் தெரியாவிடின், இடுப்பு மூட்டையும் ஆராய வேண்டும் என்பது எலும்பு மருத்துவத்தின் பழைய பாடம்.

எலும்பின் மேல் பிட்டத்தசைகள் மூன்று அடுக்காக அமைந்துள்ளன. வெளியே இருப்பது பெரும் பிட்டத்தசை. மனித உடலிலேயே மிகப் பெரிய தசை இதுதான். சதைப்பற்று மிக்க பிட்டம் நிமிர்ந்து நிற்கும் மனிதனுக்கே உரியது என்று அரிஸ்டாட்டில் எழுதினார். இதற்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் காங்கேயம் காளையின் பின்புறத்தைப் பார்த்தால் போதும். அசைபோடும் விலங்குகளில் இத்தசை தனித்து நில்லாமல் பின்தொடையின் இருதலைத் தசையோடு ஒன்றிவிடுகிறது. மனிதனிடம் அது தனித்து நின்று பருத்தது. சமதரையில் மெல்ல நடக்கும்போது அதற்கு வேலை குறைவு. உட்கார்ந்தவர் எழவும், படியேறவும், ஓடவும்தான் அது முழுமையாக இயங்குகிறது.

உள்ளே இருக்கும் நடுப் பிட்டத்தசைக்கும் சிறு பிட்டத்தசைக்கும் வேறு கடமை உண்டு. நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் சிறிது நேரம் ஒற்றைக் காலில் நிற்கிறோம். அப்பொழுது தூக்கிய கால் பக்கம் இடுப்பு சரியாமல் தாங்குபவை இவ்விரண்டும். இவை வலுவிழந்தால் உடல் பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து நடக்கும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் டிரெண்டலென்பர்க் 1895இல் விளக்கிய இவ்வடையாளம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

இனி நரம்பு. இடுப்பின் அடிமுதுகிலிருந்து வரும் ஐந்து நரம்பு வேர்கள் ஒன்றுகூடி, உடலின் மிகத் தடித்த நரம்பாகிய சயாட்டிக் நரம்பு உருவாகிறது. பேரிக்காய் வடிவத் தசையொன்றின் கீழாகப் பிட்டத்தினுள் வெளிப்பட்டு, பின்தொடையின் நடுவே இறங்கி, முழங்காலுக்கு மேல் அது இரண்டாகப் பிரிகிறது. பிட்டத்தை நான்காகப் பகுத்து மேற்புற வெளிக்காலில் மட்டும் ஊசி போட வேண்டும் என்று செவிலியர்க்குக் கற்பித்தது இந்நரம்பைக் காக்கவே. இடம் தவறிய ஊசியால் பாதம் தொங்கிப்போன குழந்தைகள் உண்டு. அதனால் இன்று குழந்தைகளுக்கு முன்தொடையின் வெளிப்பக்கத்தைத் தேர்கின்றனர்.

முதுகெலும்பிடைத் தட்டு பிதுங்கி இந்நரம்பின் வேரை அழுத்தினால் பிட்டத்திலிருந்து கால்வரை குடைச்சல் எடுக்கும். ஆயுர்வேதம் இந்நோயைக் கிருத்ரசி என்றது. கழுகைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. யூனானி மருத்துவம் வழங்கும் அரபுப் பெயர் ‘இர்குன் நஸா’. ‘இர்க்’ என்றால் குருதிக்குழாய். நரம்பைக் குழாய் என்றனரே என்று நாம் நகைக்க வேண்டியதில்லை. கிரேக்கரின் ‘நியூரான்’ என்னும் சொல் முதலில் தசைநாணையே குறித்தது. நாமும் யாழின் தந்தியை நரம்பு என்றோம். முழங்காலுக்குப் பின்னே கயிறு போல் தட்டுப்படுவதையும் ‘நரம்பு’ என்றே சொல்கிறோம். அது நரம்பன்று, பின்தொடைத் தசைகளின் நாண்.

அப்பின்தொடைத் தசைகள் மூன்று. பெரும்பாலும் மூன்றுமே நாம் உட்காரும் எலும்பு முனையில் தொடங்கி முழங்காலைத் தாண்டி முடிகின்றன. ஆதலால் முழங்காலை மடக்குவதும் தொடையைப் பின்னே இழுப்பதும் இவற்றின் இரட்டைப் பணி. காலை நீட்டிக் குனிந்து விரலைத் தொட முடியாமல் தடுப்பவையும் இவையே.

அந்த எலும்பு முனை நம் பகுதிக்கு மிகவும் வேண்டிய செய்தி. நிற்கும்போது பெரும் பிட்டத்தசை அதனை மூடியிருக்கிறது; உட்காரும்போது தசை விலகி, கொழுப்பும் நீர்மப் பையுமே இடையில் எஞ்சுகின்றன. கடினமான பலகையில் நெடுநேரம் உட்கார்ந்தால் அப்பை வீங்கி வலிக்கும். ஆங்கில மருத்துவர்கள் இதற்கு இட்ட பழைய பெயரின் பொருள் ‘நெசவாளியின் பிட்டம்’. தறி போய்த் தையல் இயந்திரம் வந்தாலும் பெயர் பொருந்தாமல் போகவில்லை. பவர் டேபிளில், ஓவர்லாக் இயந்திரத்தில், ஒன்றரை ஷிப்ட் உட்காரும் தொழிலாளி தலையணை கேட்பது சோம்பலால் அன்று. மெத்தையுள்ள இருக்கையும் மணிக்கொருமுறை எழுந்து நிற்க இரண்டு நிமிடமும் பெருஞ்செலவல்ல என்பதை ஆலை நடத்தும் பெரியோர் எண்ணிப் பார்க்கலாம். வலியோடு கால் மரத்துப்போதல், இருக்கை படுமிடம் உணர்விழத்தல், சிறுநீர் அடக்க இயலாமை ஆகியவை தோன்றினால் எண்ணெய் தேய்த்துக் காத்திருக்கலாகாது. அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும்.

இவற்றையெல்லாம் தமிழில் சொல்ல இயலுமா என்று மாணவர் கேட்பதுண்டு. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே சொல்லிவிட்டனர். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிரீன் (1822–1884) யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் 1848இல் மருத்துவக் கல்வியைத் தொடங்கினார். கட்டரின் உடற்கூற்று நூல் 1852இல் தமிழாயிற்று. பின்னர், 1858இல் இலண்டனில் வெளிவந்த கிரேயின் உடற்கூற்று நூலும் அவரும் அவர் மாணவரும் செய்த முயற்சியால் ‘மனுஷ அங்காதிபாதம்’ எனத் தமிழ் வடிவம் பெற்றது. நம் காலத்தில் மணவை முஸ்தபா (1935–2017) மருத்துவக் கலைச்சொற்களைத் தொகுத்து அப்பணியைத் தொடர்ந்தார்.

பழஞ்சொற்களும் நம்மிடம் குறைவல்ல. தொடைக்குக் ‘குறங்கு’ என்பது பழைய பெயர். சிலப்பதிகாரத்தில் தொடையணி ‘குறங்குசெறி’ எனப்படுகிறது. (தேர்வுத்தாளில் வல்லின றகரத்தை விட்டுவிட்டு மாதவியின் காலில் குரங்கை ஏற்றிய மாணவர் உண்டு.) பிட்டம், புட்டம், நிதம்பம், சகனம் என அகராதி பல சொற்களைத் தருகிறது. ஆயினும் நாணம் கருதி நாம் அனைத்தையும் ‘இடுப்பு’ என்னும் ஒரு சொல்லுள் மறைக்கிறோம். என் உறவினரான முதிய பெண்மணி ஒருவர் கால் தடுக்கி விழுந்து, ‘இடுப்புப் பிடித்துக்கொண்டது’ என்றே ஒன்பது நாள் படுத்திருந்தார். வீட்டார் முதுகுக்குத் தைலம் தடவினர். உடைந்திருந்தது தொடையெலும்பின் கழுத்து. அக்கழுத்தை ஒட்டிச் செல்லும் சிறு குருதிக்குழாய்களே எலும்புத் தலைக்கு உணவூட்டுபவை. அவை அறுந்தால் தலை பட்டுப்போகும். அவருக்கும் அதுவே நேர்ந்தது. செயற்கைத் தலை பொருத்த வேண்டியதாயிற்று. விழுந்த அன்றே அவர் கால் சற்றுக் குட்டையாகி, பாதம் வெளிப்புறம் திரும்பிக் கிடந்ததாம். அதைப் பார்த்தவர் இருந்தனர்; அதன் பொருளை அறிந்தவர் இல்லை.