பாசி உண்ணும் மீனை எப்போது விடலாம்?

வாப்பா வாங்கித் தந்த புதுத் தொட்டியில் தங்கமீன்கள் ஐந்துடன், மூன்றாம் நாளே ஒரு ‘டேங்க் கிளீனர்’ மீனையும் விட்டேன். ஒரு கிழமைக்குள் அது இறந்தது. காரணத்தை உயிரியல் பாடத்தில்தான் அறிந்தேன்.

மீன்களின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகிறது. ஒருவகைப் பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாகவும், வேறொருவகை அதனை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. முன்னைய இரண்டும் மீனுக்குக் கடும் நஞ்சு. நைத்திரேற்று அவ்வளவு கெடுதியன்று. இப்பற்றீரியாக்கள் வடிகட்டியிலும் கற்களிலும் போதியளவு பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் செல்லும். அதுவரை தொட்டியில் பாசியும் குறைவு. நஞ்சோடு பட்டினியும் சேர்கிறது.

ஆகவே, கண்ணாடியில் பச்சை படரும்வரை பொறுத்திருங்கள். அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியமா எனச் சோதித்த பின்பே மீனை விடுங்கள். பாசி தீர்ந்தால் வெள்ளரித் துண்டு கொடுக்கலாம். ‘டேங்க் கிளீனர்’ ஓர் அடிக்கு மேல் வளரும். சிறு தொட்டிக்கு ஆகாது. வளர்ந்ததும் குளத்தில் விடவும் கூடாது. அங்குள்ள மீன்களுக்கு அது கேடு.

துப்புரவு செய்ய வந்த உயிருக்கும் நாமே பொறுப்பு.