பிலிமத்தலாவையிலிருந்து கிழக்குக் கடலுக்கு

மே முதல் செப்டெம்பர் வரைதான் கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும். டிசம்பர் பள்ளி விடுமுறைக்குத் திருகோணமலை வேண்டாம், மழை உங்களை அறைக்குள்ளேயே இருத்திவிடும். ஹிக்கடுவைப் பக்கம் போங்கள்.

கண்டிக்கு வந்து, தம்புள்ளை, ஹபரணை வழியாகப் போகும் திருகோணமலை பஸ்ஸை விடியவே பிடியுங்கள்.

சிறுபிள்ளைகள் இருந்தால் நிலாவெளியைவிடப் பாசிக்குடா மேல். கரையிலிருந்து வெகுதூரம் ஆழமில்லை.

புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. படகுக் கூலி வேறு, நுழைவுக் கட்டணம் வேறு, ஏறுமுன்னே பேசிவிடுங்கள். முருகைக்கல்லில் கால் வைக்காதீர்கள். சட்டம் ஒருபுறம், பாதமும் கிழியும்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழுக்கும் சூடு வேறுவேறு. குளிக்க மாற்றுடுப்பு எடுங்கள். கோணேசர் கோவிலுக்குக் கட்டைக் காற்சட்டை சரிவராது.

போயாவோடு ஒட்டிவரும் சனி, ஞாயிறென்றால் அறையை முன்கூட்டியே பதியுங்கள்.