தட்டைத் தள்ளிவைத்த நண்பன்

நேபாளத்தின் அன்னபூர்ணா சர்க்யூட்டில் பெரும்பாலோர் பெசிசஹார் பக்கமிருந்து இடஞ்சுழியாகவே சுற்றுகிறார்கள். அந்தப் பக்கம் ஏற்றம் மெல்ல வருகிறது. சாமே, பிசாங் என்று ஊர் ஊராகத் தங்கி மனாங் (3,540 மீட்டர்) சேர்வதற்குள் உடம்பு ஓரளவு பழகிவிடும். எதிர்த்திசையில் முக்திநாத்திலிருந்து கிளம்பினால் 5,416 மீட்டரில் இருக்கும் தோரோங் லா கணவாய்க்கு ஒரே மூச்சில் 1,600 மீட்டர் ஏற வேண்டும். திசையை மாற்றிப் பார்க்காதீர்கள்.

மனாங்கில் ஒருநாள் கூடுதலாகத் தங்குங்கள். பகலில் கங்காபூர்ணா ஏரிக்கு எதிரே கொஞ்சம் மேலேறிப் பார்த்துவிட்டு, ராத்திரி தூங்கக் கீழே வந்துவிட வேண்டும். சீசனில் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் மருத்துவர்கள் அங்கே உயரத்தால் வரும் நோய் பற்றி விளக்குவார்கள். குழுவாகப் போய்க் கேளுங்கள்.

நண்பர்களோடு போவதில் ஓர் ஆபத்து உண்டு. மற்றவர்களின் பயணம் நம்மால் கெடுமோ என்று ஒவ்வொருவரும் வலியை மறைப்பார்கள். மனாங்கைத் தாண்டி யாக் கார்க்காவில் தங்கியபோது எங்களில் ஒருவன், எப்போதும் பருப்பையும் சோற்றையும் இரண்டாம் முறை கேட்டு வாங்குகிறவன், தட்டைத் தள்ளிவைத்தான். "பசிக்கலடா" என்றான். "தலை வலிக்குதா?" என்று துருவிக் கேட்டபிறகுதான் காலையிலிருந்தே வலி என்றான். மறுநாள் அங்கேயே தங்கினோம். வலி கூடினால் கீழே இறங்குவது என்றும் பேசிவைத்தோம். ஓய்வில் சரியாகிவிட்டது. அதன்பிறகு தினமும் சாயங்காலம் வரிசையாகக் கேட்போம்: தலை எப்படி, சாப்பாடு இறங்கியதா, தூக்கம் வந்ததா? வலி என்று சொன்னவனைக் கிண்டல் செய்யக்கூடாது என்பது ஒரே சட்டம்.

வட்டப் பாதையில் வந்த வழியே திரும்புவது தோல்விபோலத் தோன்றும். அந்த எண்ணத்தை ஊரிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும். 2014 அக்டோபரில் ஹூட்ஹூட் புயலின் மிச்சம் இங்கே பனிப்புயலாக மாறி, இந்த வட்டாரத்தில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வானிலை சரியில்லை என்று லாட்ஜ்காரர் சொன்னால் அவர் பேச்சைக் கேளுங்கள். அதற்காகவே கையில் உபரி நாள் வேண்டும். விமான டிக்கெட்டை நெருக்கிப் போடாதீர்கள்.

கணவாய் ஏறும் நாளில் விடியுமுன் கிளம்புவது நல்லது. பொழுது ஏற ஏறக் காற்று வலுக்கும். குளிரில் தண்ணீர்ப் பையின் உறிஞ்சு குழாயில் தண்ணீர் உறைந்துவிடும். பாட்டிலே போதும், அதைத் தலைகீழாக வையுங்கள். பனிக்கட்டி மேலேதான் கட்டும், மூடிப் பக்கம் தண்ணீர் கிடைக்கும்.

முழங்காலுக்கு உண்மையான சோதனை இறக்கத்தில். ஏறும்போது அலட்சியமாகப் பையில் செருகிய ஊன்றுகோலை மேலேயே எடுத்துவிடுங்கள். கீழே முக்திநாத், ஆழ்வார்கள் பாடிய திருச்சாளக்கிராமம் என்று வைணவர்கள் போற்றும் தலம், 108 நீர்த்தாரைகளோடு இருக்கிறது. அங்கிருந்து ஜோம்சோமுக்கு நடப்பதானால் காலையிலேயே நடந்துவிடுங்கள்; மதியம் காளி கண்டகி பள்ளத்தாக்கில் மணலை வாரி முகத்தில் அடிக்கும் காற்று.