டீசல் மானியமும் கடத்தல் இலாபமும்

கேள்வி: டீசல் மானியத்தைக் குறைத்தால் கடத்தல் கும்பல்களின் வருமானம் ஒழிந்துவிடுமா? (வாசகர், கோல சிலாங்கூர்)

பதில்: மானியம், அதாவது சந்தை விலைக்கும் விற்பனை விலைக்கும் உள்ள வேறுபாட்டை அரசே ஏற்பது, பெருகப் பெருகக் கடத்தல் இலாபமும் பெருகுகிறது. 2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக உயர்ந்தபோது, மானிய டீசல் கடத்தலுக்குக் கசிவது நின்று அரசின் நிதிச்சுமை குறையும் என்று ஒரு தரப்பும், ஏற்றிச்செல்லும் செலவு கூடிப் புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா தோட்டப்புறக் குடும்பங்களின் மளிகைச் செலவும் உயரும் என்று மறுதரப்பும் வாதிட்டன. மீனவர்களுக்கு 1.65 ரிங்கிட் விலை நீடித்ததால், கோல சிலாங்கூர் போன்ற மீன்பிடித் துறைகளில் சந்தை விலைக்கும் மானிய விலைக்கும் உள்ள இடைவெளி மறையவில்லை. ஆகவே விலைத் திருத்தம் மட்டும் போதாது. 2001ஆம் ஆண்டின் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின்கீழ் குற்றப் பணத்தைப் பறிமுதல் செய்வதும், மிச்சமாகும் நிதியை ஏழைக் குடும்பங்களுக்குச் சேர்ப்பதும் அரசின் கடமையாகும்.