பென் டிரைவும் தானியங்கு கட்டளைகளும்

கணிப்பொறியில் பென் டிரைவ் ஒன்றைச் செருகியவுடன், எவரும் விசைப்பலகையைத் தொடாமலேயே ஒரு பணி தொடங்கி முடிய வேண்டும் என்னும் விருப்பம் இயல்பானதே. மாவட்ட அலுவலகம் ஒன்றில் சம்பளப் பட்டியல், செலவுக் கணக்கு முதலிய கோப்புகளுக்கு நாள்தோறும் மாலையில் நகல் எடுக்கப்படுகிறது எனக் கொள்ளலாம். நகல் எடுக்கும் எழுத்தர் விடுப்பில் சென்றால் அன்றைய நகல் விடுபட்டுப்போகும். கவனக்குறைவு நேர்ந்தால் பழைய கோப்பு புதியதன்மேல் பதிந்துவிடும். ஸ்கிரிப்ட் எனப்படும் கட்டளைத் தொகுப்பிடம் இவ்வேலையை ஒப்படைத்து, டிரைவைச் செருகுவதையே அதன் தொடக்கக் குறியாக அமைத்துவிட்டால் இவ்விரு பிழைகளும் பெருமளவு குறையும்.

எனினும், கணிப்பொறித் துறையில் நேர்ந்த பெருங்கேடுகள் சிலவற்றுக்கு இதே வசதி வாயிலாக அமைந்தது. காரணத்தை ஆராய்ந்தால், ‘இயங்கு’ என்னும் ஆணையைப் பிறப்பித்தவர் யார் என்ற வினாவே அடிப்படையானது என்பது புலனாகும்.

டிரைவே ஆணையிட்ட காலம்

1995ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 95 இயக்க முறைமையில் ‘ஆட்டோரன்’ என்னும் ஏற்பாடு புகுத்தப்பட்டது. குறுந்தகட்டில் ஒரு சிறு உரைக்கோப்பு இருக்கும். எந்த நிரலை ஓட்ட வேண்டும் என்று அது கூறும். தகடு உள்ளே சென்றதும் கணிப்பொறி அதற்குக் கீழ்ப்படியும். அந்நாளில் குறுந்தகடு பெரும்பாலும் தொழிற்சாலையில் அச்சிடப்பட்டு வந்தது. வாங்குபவரால் அதில் எதையும் எழுத இயலாது. ஆகவே, அதனை நம்புவது அதனை வெளியிட்ட நிறுவனத்தை நம்புவதற்கு ஒப்பாக இருந்தது.

2000ஆம் ஆண்டளவில் பென் டிரைவுகள் சந்தைக்கு வந்தபோது நிலைமை மாறியது. அவற்றில் எவரும் எழுதலாம், எக்கணிப்பொறியும் எழுதலாம். விண்டோஸ் எக்ஸ்பி போன்ற முறைமைகளிலோ, பழைய நம்பிக்கை அப்படியே தொடர்ந்தது. டிரைவின் படக்குறியை இருமுறை அழுத்தினால், அதிலுள்ள ஆட்டோரன் கோப்பு சுட்டிய நிரலே முதலில் ஓடியது. சில டிரைவுகள் தம்முள் ஒரு பகுதியைக் குறுந்தகடு எனக் காட்டி, எவரும் எதையும் அழுத்தாமலேயே நிரலை ஓடச் செய்தன. தபாலில் வந்த கடிதம் ஒன்று, ‘என்னைப் படித்தவர் இதன்படி உடனே செய்க’ எனக் கூற, அலுவலகம் கையொப்பத்தையும் பாராமல் நிறைவேற்றியதை ஒத்தது இது.

விளைவுகள் விரைவிலேயே தோன்றின. 2008இல் மேற்காசியாவில் உள்ள அமெரிக்க இராணுவத் தளம் ஒன்றில் செருகப்பட்ட டிரைவின் வழியே தீநிரல் ஒன்று அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் இரகசிய வலையமைப்பிலும் புகுந்தது. இதனை அத்துறையின் துணைச் செயலர் வில்லியம் லின் 2010இல் வெளிப்படையாக எழுதினார். 2008 நவம்பரில் அத்துறை இத்தகைய டிரைவுகளுக்கு முற்றிலும் தடை விதித்தது. 2010 பிப்ரவரியில்தான் தடையை ஓரளவு தளர்த்தியது. அதே 2008 நவம்பரில் கண்டறியப்பட்ட ‘கான்ஃபிக்கர்’ என்னும் தீநிரலின் பின்வந்த வடிவம், திரையில் தோன்றும் வினாச் சாளரத்தையே ஏமாற்றும் கருவியாக்கிக் கொண்டது. ‘கோப்புறையைத் திறந்து காண்க’ என்னும் வரியைக் கோப்புறைப் படத்துடன் போலியாகச் சேர்த்தது. அதனை அழுத்தியவர் உண்மையில் தீநிரலையே ஓட்டினார்.

நம் நாட்டில் இதன் பரவலுக்குத் தெருமுனை ஜெராக்ஸ் கடையும் ஒரு காரணம் எனலாம். பலருடைய டிரைவுகள் நாள்தோறும் வந்து செல்லும் ஒரே கணிப்பொறி அங்கு உண்டு. விண்ணப்பம் அச்சிடச் சென்ற டிரைவ், கோப்புறைகள் மறைந்து அதே பெயரில் ஷார்ட்கட்டுகள் முளைத்த நிலையில் அலுவலகத்துக்குத் திரும்புவதைப் பலர் அறிவர்.

2009இல் வெளியான விண்டோஸ் 7, பென் டிரைவுகளுக்கு ஆட்டோரன் வசதியை நிறுத்தியது. 2011 பிப்ரவரியில் எக்ஸ்பி, விஸ்டா ஆகிய பழைய பதிப்புகளுக்கும் இம்மாற்றம் பரவலாக அனுப்பப்பட்டது. அதன்பின் இவ்வழியே பரவும் தீநிரல்கள் வெகுவாகக் குறைந்தன. ஆயினும், கதவு முழுதும் அடைபடவில்லை. ஈரானின் நதான்ஸ் யுரேனியச் செறிவூட்டு நிலையத்தைக் குறிவைத்ததாகக் கருதப்படும் ‘ஸ்டக்ஸ்நெட்’ 2010 ஜூனில் கண்டறியப்பட்டது. அதற்கு ஆட்டோரன் தேவைப்படவில்லை. டிரைவிலுள்ள ஷார்ட்கட்டுகளின் படக்குறியைத் திரையில் காட்டிய அளவிலேயே அது இயங்கிற்று. ஈரான், இந்தோனேசியா ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக அதனால் மிகுதியும் தொற்றுண்ட நாடுகளுள் இந்தியாவும் இருந்தது.

கணிப்பொறியின் நிலையாணை

மற்றொரு முறையும் உண்டு. இதில் டிரைவ் எதையும் ஏவுவதில்லை. தான் வந்ததை மட்டும் தெரிவிக்கிறது. யு.எஸ்.பி. சாதனம் ஒவ்வொன்றும் செருகப்பட்டதும் தயாரிப்பாளர் எண், பொருள் எண் ஆகியவற்றைக் கூறுகிறது; பலவற்றில் வரிசை எண்ணும் இருக்கும். லினக்ஸ் இயக்க முறைமையில் ‘யூடெவ்’ என்னும் பகுதி இவ்விவரங்களைப் பெற்று, கணிப்பொறியின் நிருவாகி முன்னரே எழுதிவைத்த விதிகளுடன் ஒப்பிடுகிறது. ‘இன்ன வரிசை எண்ணுடைய டிரைவ் சேர்ந்தால் இன்ன பணியைத் தொடங்குக’ என்பது அவ்விதியின் வடிவம். பொருந்தாத டிரைவுக்கு விதி வாளாவிருக்கும். ஆணை அலுவலகத்தினுடையது, வந்தவர் யார் என்பது மட்டுமே வெளியிலிருந்து வரும் செய்தி. விண்டோஸிலும் நிகழ்ச்சிப் பதிவேட்டில் குறிப்பிட்ட பதிவு ஏற்படும்போது ஒரு பணியைத் தொடங்குமாறு பணி அட்டவணைப் பகுதியில் அமைக்க இயலும்.

இங்குப் புதிதாகக் கற்போர் பலர் இடறும் இடம் ஒன்றுண்டு. நகலெடுக்கும் ஸ்கிரிப்ட் முழுவதையும் யூடெவ் விதியிலேயே வைத்துவிடுகின்றனர். யூடெவ் குறுகிய நேரப் பணிகளுக்கே உரியது. நெடுநேரம் ஓடுவதை அது நிறுத்திவிடும். அதனுள் இணைக்கப்பட்ட டிரைவ் பிற நிரல்களின் கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். ஆகவே, விதி ‘சிஸ்டம்டி’ என்னும் பணி மேலாளருக்குச் செய்தி மட்டும் கொடுக்க வேண்டும். டிரைவை இணைத்தல், நகலெடுத்தல், பதிவேட்டில் குறித்தல், கழற்றுதல் ஆகியன அம்மேலாளர் தொடங்கும் தனிச் சேவையாக நடைபெற வேண்டும். நினைவகத்தில் தேங்கிய தரவு டிரைவில் எழுதப்பட்ட பின்னரே ‘முடிந்தது’ என்னும் அறிவிப்பு வருதல் நலம்.

போலி டிரைவு

வரிசை எண்ணை நம்பலாமா? முழுமையாக நம்ப இயலாது. அது சாதனம் தானே கூறும் எண். வேறொரு சாதனத்தாலும் அதையே கூற முடியும். டிரைவுக்கு இடப்பட்ட பெயரோ அதைவிட எளிதில் மாற்றத்தக்கது. பெயரை மட்டும் பார்த்து நகலெடுக்கும் ஸ்கிரிப்ட், அதே பெயருடைய டிரைவைக் கொண்டுவரும் எவருக்கும் அலுவலகத்தின் கோப்புகள் அனைத்தையும் தாரைவார்த்துவிடும். தீநிரல் உள்ளே நுழைவதைப் பற்றிப் பேசுவோர், தரவு வெளியேறும் இவ்வழியை மறந்துவிடுகின்றனர்.

இதற்குத் தீர்வு மறையாக்கம். டிரைவ் முழுவதும் மறையாக்கப்பட்டு, அதைத் திறக்கும் சாவி கணிப்பொறியில் மட்டும் இருக்குமாயின், வேறு டிரைவ் அச்சாவிக்குத் திறவாது. ஸ்கிரிப்ட் அத்துடன் நின்றுவிடும். உண்மை டிரைவ் தொலைந்தாலும், சாவி இன்றிப் படிக்க இயலாது. டிரைவில் உள்ள எந்த நிரலையும் ஓட்டுவதற்கு இசையாத முறையில் அதனை இணைப்பதும், சேவையைக் குறைந்த அதிகாரமுள்ள பயனரின் பெயரில் ஓட்டுவதும் தேவையானவை.

2014இல் கார்ஸ்டன் நோல், யாக்கோப் லெல் ஆகிய ஆய்வாளர்கள், பென் டிரைவின் உள்நிரலையே மாற்றி அதனை விசைப்பலகை எனக் கூறச் செய்ய முடியும் என்று காட்டினர். அது தானே கட்டளைகளைத் தட்டச்சு செய்துவிடும். இதற்கு எதிராக, பதிவு பெற்ற சாதனங்களை மட்டும் ஏற்கும் கட்டுப்பாடு தேவைப்படுகிறது. பென் டிரைவ் போன்ற சேமிப்புச் சாதனங்களைப் பொறுத்தவரை, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘யு.எஸ்.பி. பிரதிரோத்’ என்னும் மென்பொருள் இவ்வகையைச் சேர்ந்தது. 2017இல் சைபர் ஸ்வச்தா கேந்திரத்தின் வாயிலாக அது பொதுமக்களுக்கு இலவசமாக வழங்கப்பட்டது. லினக்ஸில் இப்பணியை ‘யு.எஸ்.பி.கார்டு’ செய்கிறது.

இவ்வமைப்புகள் பெரும்பாலும் ஆர்வமுள்ள ஓர் அலுவலரால் நிறுவப்படுகின்றன. அவர் மாற்றலாகிச் சென்றபின் எவருக்கும் விவரம் தெரிவதில்லை. டிரைவ் பழுதடைந்து புதியது வாங்கப்படும். விதியில் பழைய எண்ணே இருக்கும். நகல் நின்றுபோனதைப் பல திங்கள் கழித்தே அலுவலகம் அறியும். ஆதலால், விதிக்கோப்பு இருக்குமிடம், ஏற்கப்பட்ட டிரைவுகளின் எண்கள், மறையாக்கச் சாவியின் உறையிட்ட படி, நகலிலிருந்து கோப்புகளை மீட்டுச் சரிபார்த்த கடைசி நாள் ஆகியவை பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில், இரும்புப் பெட்டியின் திறவுகோலுக்கு அடுத்த வரிசையிலேயே இடம்பெற வேண்டும்.